போர் மீண்டோர் ஆயுள்

போரிலே பொருது மாண்ட வீரனுக்குக் கல் நாட்டி, அக்கல்லிலே அவன் பெயரையும் புகழையும் பொறித்து, மயிற்பீலி அணிந்து வழிபட்டது பழந்தமிழர் மரபு. மார்பிலே பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றியதும் அம்மரபே. புறநானூற்றைப் பயில்வோர் களத்திலே வீழ்ந்தவனுடைய சிறப்பைப் பலவிடத்தும் காண்பர். ஆனால், களத்திலே வீழாது, புண் ஆறி, வீடு திரும்பி, பின்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் உயிரோடிருந்த வீரனுடைய கதை யாது? பட்ட புண் மாரிக்காலத்தில் மீண்டும் நோவு தந்ததா? படைக்கே போகாத அயல்வீட்டு உழவனைப் போல அவனும் நரை திரை கண்டு மூத்தானா, அன்றி இடைவயதிலே மெலிந்து மறைந்தானா? இவ்வினாக்களுக்கு நடுகல் விடை கூறாது.

தமிழர் மட்டுமன்றி, உலகத்து நாடுகள் யாவுமே மாண்ட வீரனை நினைப்பதிற் காட்டிய அக்கறையை மீண்ட வீரனுடைய வாழ்நாளை அறிவதிற் காட்டவில்லை. பிரான்சு தேசத்து அரசன் பதினான்காம் லூயி, முடமான படைவீரருக்கென 1670ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் ஒரு பெரிய மாளிகை அமைக்கக் கட்டளையிட்டான். அதனைப் பின்பற்றி இங்கிலாந்தின் இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1682இல் செல்சி என்னுமிடத்திலே முதிய வீரருக்கு ஓர் இல்லம் தொடங்கினான். செந்நிற மேலங்கி அணிந்த செல்சி முதியோரை இன்றும் இலண்டன் மாநகரிற் காணலாம். இவையெல்லாம் அறத்தின்பாற் பட்ட செயல்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வில்லங்களில் இடம்பெற்றோர் சிலர், பெறாதோர் பலர். படைவிட்டுச் சென்ற பல்லாயிரவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தனர், எந்நோயால் இறந்தனர் என்று எண்ணிப் பார்க்க அக்காலத்திலே வழியுமில்லை. எண்ணவேண்டும் என்ற நினைப்புமில்லை.

எண்ணுதற்கு முதலில் ஏடு வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றைப் பதியும் முறை 1837ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்தது. அப்பதிவகத்திலே பணியாற்றிய வில்லியம் ஃபார் என்னும் மருத்துவர், இறப்புப் பதிவுகளை வயது, தொழில், ஊர் என்றவாறு வகுத்து, எங்கே எவர் எதனால் இறக்கின்றனர் என்பதைத் தெளிவாக்கினார். இவருடைய கணக்கறிவும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாருடைய மனவுறுதியும் ஒன்றுசேர்ந்தபொழுது, படைவீரனையும் குடிமகனையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் முயற்சி வலுப்பெற்றது.

நைற்றிங்கேல் என்றவுடன் கையிலே விளக்கேந்தி நோயாளரிடையே நடந்த அம்மையாரின் திருவுருவமே பலருக்கும் நினைவில் வரும். அவர் 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஸ்குட்டாரி வைத்தியசாலையை அடைந்தார். கிரிமியப் போரிலே பிரித்தானியப் படையில் ஏறக்குறைய 21,000 பேர் மாண்டனர். அவர்களுள் பகைவர் குண்டுக்கும் அதனால் விளைந்த புண்ணுக்கும் பலியானோர் 5,000 பேருக்கும் குறைவு. ஏனைய 16,000 பேரும் வாந்திபேதி, வயிற்றுளைவு, காய்ச்சல் முதலிய நோய்களுக்கே இரையாயினர். இதனை நேரிற் கண்டு மீண்ட அம்மையார், இறந்தோருக்காகக் கண்ணீர் விடுவதோடு அமையவில்லை. உயிரோடிருக்கும் படையின் நிலை யாது என்று வினவினார்.

அவ்வினாவின் பயனாக 1857ஆம் ஆண்டிலே சிட்னி ஹேர்பேட் தலைமையில் ஓர் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. போரில்லாத காலத்திலே, சொந்த நாட்டிலே, தத்தம் பாசறைகளிற் படுத்துறங்கும் வீரர் ஆண்டுதோறும் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பதும், அதே வயதுடைய குடிமக்கள் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பதும் அருகருகே வைத்து நோக்கப்பட்டன. குடிமக்களுள் 1,000 பேருக்கு ஒன்பதின்மர் அளவில் இறக்க, வீரருள் ஏறத்தாழ அதன் இருமடங்கினர் இறந்தமை தெரியவந்தது. படைக்குச் சேர்க்கும்பொழுது மார்பளந்து, உயரம் பார்த்து, நோயுள்ளவனை விலக்கி, நல்ல திடகாத்திரமான இளைஞரையே அரசாங்கம் தெரிந்தெடுக்கின்றது. அங்ஙனம் தெரிந்தெடுத்த பிள்ளைகள், தெரிந்தெடுக்கப்படாதோரினும் இருமடங்கு இறந்தால், குற்றம் பிள்ளைகளிடத்தா, அவர்களை வைத்திருந்த இடத்திலா? நெருக்கமாகப் படுக்கவைத்த கூடங்கள், காற்றோட்டமின்மை, நாற்றமெடுக்கும் வடிகால்கள், ஒரேவகையான உணவு ஆகியவையே காரணம் என்றும், அதனாற் பெருகிய நெஞ்சுநோயும் சயரோகமுமே வீரரைக் கொன்றன என்றும் ஆணைக்குழு கண்டது.

இந்தியாவிலிருந்த பிரித்தானிய வீரரின் நிலை இதனினும் கொடிது. 1859இல் நியமிக்கப்பட்டு 1863இல் அறிக்கை சமர்ப்பித்த மற்றோர் ஆணைக்குழு, அங்கே ஆண்டொன்றுக்கு 1,000 வீரருக்கு 69 பேர் இறந்துவந்தமையை வெளிப்படுத்தியது. பாசறைகள் திருத்தப்பட்டன, குடிநீரும் வடிகாலும் கவனிக்கப்பட்டன, பின்வந்த ஆண்டுகளில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஒப்பிட்டு எண்ணியதனால் உயிர்கள் காக்கப்பட்டமைக்கு இதனிற் சிறந்த சான்று வேறில்லை.

எனினும் அக்கணக்கிலே ஒரு குறை இருந்தது. நோயுற்றுத் தேறமாட்டான் எனக் கண்ட வீரனைப் படை விலக்கிவிடும். அவன் ஊருக்குப் போய் ஆறு மாதத்தில் இறந்தால், அவ்விறப்பு படையின் கணக்கிற் சேராது. குடிமக்கள் கணக்கிற் சேரும். ஆகவே படையின் தீமை குறைத்தும், குடிமக்களின் இறப்பு கூட்டியும் காட்டப்பட்டன. படைவிட்டுச் சென்றவனையும் அவன் வாசல்வரை பின்தொடர்ந்து சென்று எண்ணினாலன்றி உண்மை முழுதும் விளங்காது. அத்தகைய பின்தொடர்தலுக்கு வேண்டிய ஏடுகள் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையிலே, வேறொரு நோக்கத்திற்காகத் தோன்றின.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்தது. அதில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் குண்டினால் மாண்டவரினும் நோயினால் மாண்டவரே மிகுதி. நாட்டுப்புறத்திலே தனித்தனிப் பண்ணைகளில் வளர்ந்த இளைஞர், சிறுவயதில் நகரத்துப் பிள்ளைகளைத் தொட்டுச் செல்லும் சின்னமுத்து முதலிய நோய்களை அறியாதவர். ஆயிரக்கணக்கானோர் கூடிய பாசறைக்கு வந்தவுடன் அந்நோய்கள் அவர்களையே முதலிற் பற்றின. பிழைத்தோருள்ளும் பலர் நெஞ்சு படபடப்பு, மூச்சுமுட்டல், சோர்வு என்று முறையிட்டனர். பிலடெல்பியா நகரத்து இராணுவ வைத்தியசாலையிலே இத்தகையோர் முந்நூறு பேருக்கு மேல் ஆராய்ந்த டா கொஸ்தா என்னும் மருத்துவர், 1871இல் தம் ஆய்வை வெளியிட்டார். இருதயத்திலே கண்ணாற் காணத்தக்க பழுது யாதுமில்லை; ஆயினும் வீரன் ஒரு மேட்டை ஏறமுடியாது தவிக்கின்றான். உடலின் நோயா, உள்ளத்தின் நோயா என்று இன்றுவரை ஓயாத விவாதத்துக்கு அவ்வாய்வு தோற்றுவாயாயிற்று.

வடபகுதி அரசாங்கம் 1862இலே வீரருக்கு உபகாரச் சம்பளம் வழங்கச் சட்டமியற்றியது. 1890இல் அச்சட்டம் விரிவாக்கப்பட்டு, போரினாலன்றி வேறு காரணத்தால் உடல் தளர்ந்த முதிய வீரரும் உதவி பெறலாயினர். அடுத்த சில ஆண்டுகளிலே நடுவணரசின் செலவில் ஐந்திலிரண்டு பங்கு அளவில் இதற்கே போயிற்று. பணம் கொடுக்கும் அரசாங்கம் பரிசோதனையின்றிக் கொடுக்குமா? ஒவ்வொரு முதியவரையும் மருத்துவர் பலமுறை சோதித்து, இருதயம் எப்படி, மூட்டு எப்படி, கண் எப்படி என்று எழுதிவைத்தனர். ஏய்ப்பவரைக் கண்டுபிடிக்க எழுதிய அவ்வேடுகள், நூறாண்டு கழிந்தபின் அறிவுக் களஞ்சியமாயின. 1993இலே பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரொபேட் ஃபோகல் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய 40,000 வீரரின் வாழ்க்கையைச் சேர்ப்புப் பத்திரம் முதல் இறப்புப் பத்திரம் வரை அவ்வேடுகளிலிருந்து தொகுத்தனர். இளமையிலே பாசறையிற் கண்ட காய்ச்சலும் வயிற்றுளைவும் அத்தோடு முடிந்துவிடவில்லை. அவற்றுக்கு ஆளாகிப் பிழைத்தோர் முதுமையிலே இருதய நோயும் மூட்டுவாதமும் மிகுதியாக அடைந்தனர் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. முதலில் வெள்ளையர் படையணிகளே ஆராயப்பட்டன; கறுப்பினத்து வீரரின் ஏடுகள் பின்னரே அத்தொகுப்பிற் சேர்ந்தன. எண்ணப்படுவதிலும் முன்வரிசை, பின்வரிசை உண்டு போலும்.

முதலாம் உலகப்போர், டா கொஸ்தா எழுப்பிய வினாவை ஆயிரமடங்கு பெருக்கியது. பதுங்குகுழியிலே நாட்கணக்காகப் பீரங்கி அதிர்ச்சிக்கு உட்பட்டோர், உடலிலே காயமில்லாமலே பேச்சிழந்தனர், நடையிழந்தனர், நள்ளிரவில் அலறினர். சாள்ஸ் மையேர்ஸ் என்பார் 1915இல் மருத்துவ ஏடொன்றிலே இதனைக் குண்டதிர்ச்சி என்ற பெயரால் விபரித்தார். பிரித்தானியாவிலே 1916இல் ஓய்வூதிய அமைச்சு நிறுவப்பட்டது. அங்கே ஒவ்வொரு முறைப்பாட்டாளர் முன்னும் ஒரே கேள்வி எழுந்தது. இந்நோய் போரினால் வந்ததா, அல்லது இவன் போருக்குப் போகாவிடினும் வந்திருக்குமா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை காணவேண்டுமாயின், போருக்குப் போகாத, மற்றெல்லா வகையிலும் அவனை ஒத்த ஒருவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். அத்தகைய ஒருவன் அகப்படாமையினாலே, மருத்துவச் சபையினரின் அபிப்பிராயமே தீர்ப்பாயிற்று. சபையினர் இரக்கமுடையோராயின் வீரனுக்குச் சோறு கிடைத்தது. ஐயுறுவோராயின் அவன் பிறவியிலேயே மனவலி குன்றியவன் என்ற பழியோடு வெறுங்கையனாகத் திரும்பினான்.

இரண்டாம் உலகப்போரின் முடிவிலே இக்குறையை நீக்க ஒரு முயற்சி நடந்தது. பின்னாளில் இருதய சத்திரசிகிச்சையிற் பெரும்புகழ் ஈட்டிய மைக்கேல் டிபேக்கி என்பவர், கோடிக்கணக்கான வீரரின் மருத்துவ ஏடுகள் வீணாகாமல், அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராயவேண்டும் என்று 1946இலே அமெரிக்காவில் வலியுறுத்தினார். அவ்வாறு தோன்றிய நிறுவனத்திலே கில்பேட் பீபி முதலிய புள்ளிவிபர அறிஞர் பணியாற்றினர். அவர்கள் முதலில் நோக்கியவர்களுள் போர்க்கைதிகள் முக்கியமானோர். யேர்மனியரும் இத்தாலியரும் பிடித்த மேற்கு நாட்டுக் கைதிகளில் 100க்கு 4 பேர் இறந்தனர் என்றும், யப்பானியர் பிடித்தவர்களில் 100க்கு 27 பேர் இறந்தனர் என்றும் தோக்கியோ நீதிமன்றம் பதிந்தது. பிழைத்து வந்தோரோ? யப்பானியரிடமிருந்து மீண்டவர், விடுதலைக்குப் பிந்திய முதற் சில ஆண்டுகளிலே காசநோயாலும் விபத்துக்களாலும் ஏனைய வீரரினும் மிகுதியாக இறந்தனர். காலப்போக்கில் அவ்வேற்றுமை தணிந்தது. ஆயின் ஈரல் நோயால் இறப்பது பின்னர் மிகுந்தது. விடுதலை நாளிலே ஆரவாரத்தோடு படமெடுக்கப்பட்ட மெலிந்த மனிதரின் துன்பம் அந்நாளோடு முடியவில்லை என்பதை எண்கள் மெய்ப்பித்தன.

ஆனால், கைதிகளல்லாத சாதாரண வீரரை நோக்கியபொழுது எதிர்பாராத விடையொன்று வந்தது. 1974இலே வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இரண்டாம் உலகப்போர் வீரரை இருபது ஆண்டுகளுக்கு மேற் பின்தொடர்ந்து பார்த்தது. அவர்களுடைய இறப்பு, அதே வயதுடைய பொதுமக்களின் இறப்பிலும் குறைவாகவே இருந்தது. அங்ஙனமாயின் போர் உடலுக்கு நல்லதா? இல்லை. இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஊரிலுள்ள மாடுகளுள் நோஞ்சான்களை விலக்கி, வலிய காளைகளை மட்டும் தெரிந்து பாரமான வண்டியிற் பூட்டுகின்றான் ஒருவன். பத்தாண்டு பாரமிழுத்த அக்காளைகள், நோஞ்சான்களும் கலந்த ஊர்மந்தையினும் சற்று நலமாக இருத்தல் கூடும். அதைக்கொண்டு பாரம் காளைக்கு நன்மை செய்தது என்று சொல்லலாமா? படைக்கு ஆளெடுக்கும்பொழுதே காசநோயாளரும் இருதய நோயாளரும் ஊனமுற்றோரும் விலக்கப்படுகின்றனர். அவர்கள் குடிமக்கள் கணக்கிலே தங்கிவிடுகின்றனர். ஆகவே வீரரைப் பொதுமக்களோடு ஒப்பிடும் கணக்கு, தொடக்கத்திலேயே வீரர் பக்கம் சாய்ந்த தராசு. இதனை அறிஞர் ஆரோக்கியமான படைவீரர் விளைவு என்பர். நைற்றிங்கேல் காலத்திலே அந்தச் சாய்வையும் மீறிப் பாசறை கொன்றது. பாசறை திருந்திய பின்னர் அச்சாய்வு போரின் தீங்கை மறைக்கும் திரையாயிற்று. உங்கள் இறப்புப் பொதுமக்களினும் குறைவுதானே என்று சொல்லி முதிய வீரரின் முறைப்பாட்டை ஒதுக்குதற்கும் அது உதவக்கூடும்.

அத்திரையை விலக்குவது எவ்வாறு? இரண்டு வழிகள் காணப்பட்டன. முதலாவது, வீரரை வீரரோடே ஒப்பிடுவது. வியட்னாம் போருக்குச் சென்ற அமெரிக்க வீரரையும், அதே காலத்திலே படையிற் சேர்ந்து வேறிடங்களிற் பணியாற்றிய வீரரையும் ஒப்பிட்ட அரசாங்க ஆய்வு ஒன்று 1987இல் வெளியாயிற்று. இருசாராரும் ஒரே சோதனையிலே தேறியவர். வியட்னாம் சென்று மீண்டோரின் இறப்பு 100க்கு 17 பங்கு கூடுதலாக இருந்தது. அக்கூடுதல் பெரும்பாலும் வீடு திரும்பிய முதல் ஐந்தாண்டுகளுக்குள் நிகழ்ந்தது. அதற்குக் காரணம் நோயன்று. வாகன விபத்து, தற்கொலை, கொலை, நஞ்சேறல் ஆகியவையே.

இரண்டாவது வழியை விதியே அமைத்துக் கொடுத்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி, ஆண்டின் 366 நாட்களும் எழுதப்பட்ட சிறு குளிகைகள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இடப்பட்டு, ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. முதலில் வந்த திகதி செப்ரெம்பர் 14. அந்நாளிலே பிறந்த இளைஞர் முதலிற் படைக்கு அழைக்கப்படுவர். பின்வந்த திகதிகளிற் பிறந்தோர் தப்புவர். பிறந்தநாளுக்கும் உடல்நலத்துக்கும் குடிப்பிறப்புக்கும் தொடர்பில்லை. ஆகவே சீட்டு விழுந்தோரும் விழாதோரும் தொடக்கத்திலே எல்லாவகையிலும் ஒத்தவர். 1950 முதல் 1952 வரை பிறந்து, கலிபோர்ணியா, பென்சில்வேனியா மாநிலங்களில் இறந்த ஆண்களை ஆராய்ந்த மூவர் 1986இல் தம் முடிபை வெளியிட்டனர். சீட்டு விழுந்தோரிடையே தற்கொலை 100க்கு 13 பங்கும், வாகன விபத்து மரணம் 8 பங்கும் கூடுதல். சீட்டு விழுந்தோர் யாவரும் படைக்குப் போகவில்லை. ஆதலின் உண்மையிற் பணியாற்றியோரிடத்து இவ்வேற்றுமை இன்னும் பெரிதென அவர்கள் கணித்தனர். ஒரு கண்ணாடிப் பாத்திரத்துள் நுழைந்த கை எந்தக் குளிகையைப் பற்றியது என்பதைப் பொறுத்து, பத்தாண்டு கழிந்தபின் ஒரு தாய் தன் மகனை இழந்தாள் என்பதே இவ்வெண்களின் பொருள். எனினும், அதே குலுக்கலை அடிப்படையாகக் கொண்டு 2010இலும் 2012இலும் வெளியான ஆய்வுகள், நீண்டகாலப் போக்கிலே இருசாராரின் உடல்நலத்திலும் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணவில்லை. தீங்கு மிகுந்தது மீண்டுவந்த உடனடி ஆண்டுகளிலே. அந்த ஆண்டுகளைக் கடக்கத் துணைபுரிவதே சமுதாயத்தின் முதற் கடமை என்று இவற்றை ஒருங்குவைத்து நோக்குவோர் உணர்வர்.

இறப்பை மட்டும் எண்ணினால் நோவு கணக்கில் வராது என்பதும் கருதத்தக்கது. உயிரோடிருந்தும் உறக்கமிழந்தவன் இறப்பேட்டிலே காணப்படான். போர்த்துயரின் பின் தொடரும் மனநோய்க்கு அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இலேதான் முறையான பெயரும் இலக்கணமும் வகுத்தது. வியட்னாமிலே பணியாற்றிய ஆண்களுள் ஏறத்தாழ 100க்கு 15 பேர், போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின்னும் அதனால் வருந்தினர் என்று 1980களின் பிற்பகுதியில் நடந்த தேசிய ஆய்வு கூறியது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்குச் சென்ற பிரித்தானிய வீரர், போகாத வீரரிலும் மிகுதியாகச் சோர்வு, தலையிடி, மறதி முதலியவற்றை முறையிட்டனர் என 1999இல் வெளியான ஆய்வு காட்டியது; நோயினால் நேரும் இறப்பிலோ அத்தகைய வேற்றுமை தோன்றவில்லை. டா கொஸ்தா கண்ட புதிர் நூறாண்டுக்குப் பின்னும் புதிய உடையில் வந்து நின்றது.

பகைவன் கையாலன்றி நண்பன் கையாலே வந்த தீங்கும் உண்டு. அது சிகரெட்டு. இரு உலகப்போர்களிலும் வீரனுக்கு உணவோடு புகையிலையும் அன்பளிப்பாயிற்று. அமெரிக்கப் படையின் உணவுப் பொதிகளிலிருந்து சிகரெட்டு நீக்கப்பட்டது 1975இலேதான். புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அறிஞர் 1950இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். ஸ்கொத்லாந்திலே 1945க்கும் 1985க்கும் இடையிற் பிறந்த படைவீரரைக் குடிமக்களோடு ஒப்பிட்ட அண்மைக்கால ஆய்வு, முன்பிறந்த வீரரிடையே புகையினால் விளையும் நோய்கள் மிகுதி என்றும், பின்பிறந்தோரிடத்து அவ்வேற்றுமை மறைந்துவருகின்றது என்றும் கண்டது. அவ்வாய்வு கூறும் மற்றோர் உண்மையும் சிந்தித்தற்குரியது. பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்றோர் குடிமக்களைப் போல அல்லது அவர்களினும் நலமாக வாழ, பயிற்சி முடியுமுன்னரே அல்லது சிறிதுகாலத்திலே படைவிட்டு விலகியோரே நலங்குன்றிக் காணப்பட்டனர். வீரர் என்ற ஒரு சொல்லுக்குள்ளே பல்வேறு வாழ்க்கைகள் அடங்கியுள்ளன. ஒரு சராசரி எண் அவையனைத்துக்கும் பொருந்தாது.

இதுகாறும் கூறியவை யாவும் எண்ணப்பட்டோரின் வரலாறு. எண்ணப்படாதோரின் வரலாறும் ஒன்றுண்டு. அது தமிழ்மக்களின் நெஞ்சுக்கு மிக அண்மையிலுள்ளது. 1942ஆம் ஆண்டிலே யப்பானியர் சயாம் நாட்டையும் பர்மாவையும் இணைக்க ஏறக்குறைய 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை அமைக்கத் தொடங்கி, 1943 ஒக்ரோபரில் முடித்தனர். அதில் வேலைசெய்த பிரித்தானிய, அவுஸ்திரேலிய, ஒல்லாந்த, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000 பேர் அளவினர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். அதே பாதையிலே அதே மழையில், அதே வாந்திபேதியிடையே உழைத்த ஆசியத் தொழிலாளர் அவர்களிலும் பன்மடங்கினர். பர்மியரும் யாவகத்தாரும் மலாயரும் சீனரும் அவர்களுள் இருந்தனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோருட் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 பேர் அளவில் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. கைதிகளுக்குத் தம்முள்ளே மருத்துவர் இருந்தனர், படையொழுங்கு இருந்தது, இறந்தவன் பெயரை ஒளித்தாவது எழுதிவைக்க ஒருவன் இருந்தான். தோட்டத் தொழிலாளிக்கு இவை எவையுமில்லை.

மீண்ட பின்னரும் அவ்வேற்றுமை தொடர்ந்தது. பிரித்தானியக் கைதிகளை லிவர்பூல் நகரத்து அயனமண்டல மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகள் தொடர்ந்து சோதித்தது. அவ்வாறு 1968 முதல் சோதிக்கப்பட்டோரிலே எட்டில் ஒரு பங்கினர் அளவில், சயாமியக் காட்டிலே பாதத்தின் வழியே புகுந்த நுண்புழுவை இன்னும் குடலிலே சுமந்திருந்தமை கண்டறியப்பட்டு, மருந்து கொடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிலே உயிரோடிருந்த கைதிகளுக்குப் பிரித்தானிய அரசாங்கம் தலைக்குப் பதினாயிரம் பவுண் வழங்க முன்வந்தது. காஞ்சனபுரியிலே அவர்களுடைய தோழர்களின் கல்லறைகள் பெயரோடும் பூஞ்செடியோடும் பேணப்படுகின்றன. அதே புழுவைச் சுமந்து தோட்டத்துக்குத் திரும்பிய தமிழன் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தான்? எந்நோயால் இறந்தான்? அவனைச் சோதிக்க ஒரு கல்லூரியில்லை. அவன் பெயரைத் தாங்க ஓர் ஏடில்லை. படைவீரனுக்கும் குடிமகனுக்குமிடையே ஆயுளை ஒப்பிட நினைக்கும் அறிஞனுக்கு இங்கே தராசின் ஒரு தட்டு வெறுமையாகவே இருக்கின்றது. அத்தட்டு வெறுமையாயிருப்பதற்குக் காரணம் அவன் துன்பப்படாமையன்று, அவன் எண்ணப்படாமையே.

வீரர் குடிமக்களினும் நீண்டநாள் வாழ்கின்றனரா என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடைகூற வரலாறு இடந்தரவில்லை. எவரை எவரோடு, எத்தனை ஆண்டுகளின் பின், எதனைக்கொண்டு ஒப்பிடுகின்றோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகின்றது. மாறாத உண்மையொன்று மட்டும் கிரிமியா தொடக்கம் சயாம்வரை தொடர்ந்து வருகின்றது. எண்ணப்பட்டவனுடைய நோய்க்கு நாளடைவிலாயினும் மருந்து பிறந்தது. எண்ணப்படாதவனுடைய நோய் அவனோடே மண்ணிற் புதைந்தது. பழந்தமிழர் களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டினர். களத்தினின்று மீண்டவனுக்கும், களம் தன்மேல் வந்து சேர்ந்த குடிமகனுக்கும் நாட்டவேண்டிய கல், அவர்களுடைய பெயரையும் நோயையும் ஆண்டுதோறும் மறவாது எழுதிவைக்கும் ஏடேயாகும்.